இரண்டு பேர் போக ஐந்தரை யூனிட்

பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு 'அமி' என்ற மின்வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீளம் 2.41 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், இருக்கைகள் இரண்டே இரண்டு. மணிக்கு 45 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. முழுதாக சார்ஜ் ஏற்றினால் 75 கி.மீ. ஓடும். கார் விளம்பரங்களில் எந்த எண்ணெல்லாம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்களோ, அந்த எண்களெல்லாம் இதில் சிறியவை. ஆனால் நகரத்துக்குள்ளேயே ஓடி நகரத்துக்குள்ளேயே நிற்கப்போகிற ஒரு வண்டிக்கு இந்தச் சிறுமையே முதல் தகுதி என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்முன், அது ஓடப்போகும் சாலையைப் பார்க்க வேண்டும். சாலை பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல மைக்ரோ காரும் தவறான தேர்வுதான்.

முதலில் எடை. அமியின் எடை பேட்டரியோடு சேர்த்து 485 கிலோ. ஓட்டுநர் ஏறினால் ஏறக்குறைய 560 கிலோ. நடுத்தர அளவுள்ள மின்காரில் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் மொத்தம் 1,800 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 45 கி.மீ. வேகத்தில் போகும்போது சிறியதிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 12 வாட்-மணி, பெரியதிடம் சுமார் 39 வாட்-மணி. சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஆற்றலைக் கைவிட்டு, பச்சை விழுந்ததும் மறுபடி சேர்க்க வேண்டும். பத்து கி.மீ. தூரத்தில் இருபது முறை நின்று கிளம்பினால் சிறிய வண்டிக்கு இந்த வகையில் கால் யூனிட் மின்சாரம் தேவை, பெரியதற்கு முக்கால் யூனிட்டுக்கு மேல். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தருவது உண்மைதான். முழுவதும் திரும்பிவராது என்பதும் உண்மை. நெடுஞ்சாலையில் காற்றின் தடைதான் பெரிய செலவு. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அங்கே வண்டியின் வடிவம் முக்கியம். நகரத்தில் வேகம் குறைவு, நிறுத்தங்கள் அதிகம் என்பதால் செலவைத் தீர்மானிப்பது எடை. ஐரோப்பாவில் ஒரு காரில் சராசரியாக ஒன்றரைப் பேர் அளவில்தான் பயணம் செய்கிறார்கள். அந்த ஒன்றரைப் பேருக்காக ஒன்றரை டன்னை நகர்த்தி நகர்த்தி நிறுத்துவதற்குத்தான் மின்சாரத்தின் பெரும்பகுதி போகிறது.

சிறிய கார் என்ற யோசனை புதிதல்லவே, முன்பே வந்து தோற்றதுதானே என்று வரலாறு அறிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இத்தாலியின் ஈசோ நிறுவனம் 1953-ல் உருவாக்கிய 'இசெட்டா'வை 1955 முதல் 1962 வரை பி.எம்.டபிள்யூ தயாரித்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே கதவாகத் திறக்கும் அந்த முட்டை வடிவ வண்டி ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. 1956-ல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பாவில் இத்தகைய வண்டிகளுக்குத் தனி மவுசு. பிறகு 1957-ல் ஃபியட் 500, 1959-ல் மினி என்று முழுமையான கார்கள் வந்தன. மினியின் நீளம் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டியது, நான்கு பேர் உட்காரலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது மக்கள் காரைத்தான் வாங்கினார்கள். அவர்கள் கணக்கில் தவறே இல்லை. பெட்ரோல் வண்டியில் கூடுதல் தூரம் போவதற்குக் கொஞ்சம் பெரிய டாங்கி போதும், அந்தத் தகரத்துக்குப் பெரிய விலை கிடையாது. எஞ்சினைப் பாதியாகக் குறைத்தால் விலை பாதியாகிவிடுவதுமில்லை. ஆகவே சிறிய வண்டி வாங்கியவர் இழந்தது நிறைய, மிச்சம் பிடித்தது கொஞ்சம்.

மின்வண்டியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இங்கே டாங்கியின் இடத்தில் பேட்டரி இருக்கிறது, வண்டியிலேயே விலையுயர்ந்த பாகமும் அதுதான். கூடுதலாக ஓட வேண்டிய ஒவ்வொரு கி.மீ.க்கும் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பேட்டரியைச் சுமக்க உறுதியான சட்டகம், சட்டகத்தைச் சுமக்கப் பெரிய மோட்டார், எல்லாவற்றையும் நிறுத்தப் பெரிய பிரேக் என்று எடை எடையை வளர்க்கும். அமியின் பேட்டரி 5.5 யூனிட் கொள்ளளவு. நீண்ட பயணத்துக்கான மின்கார்களில் 60 யூனிட் பேட்டரி இன்று சாதாரணம். அத்தகைய ஒரு காருக்குத் தேவையான மின்கலங்களைக் கொண்டு பத்து அமிகளுக்குப் பேட்டரி செய்துவிடலாம். லித்தியத்தையும் பிற தாதுக்களையும் எங்கெங்கோ தோண்டி எடுத்துத்தான் இவற்றைச் செய்கிறோம் என்பதை நினைத்தால், தினமும் முப்பது கி.மீ. ஓடுவதற்கு நானூறு கி.மீ. பேட்டரியைச் சுமந்து திரிவது பெரும் விரயம். சார்ஜ் ஏற்றுவதிலும் இதே நன்மை இருக்கிறது. வீட்டிலுள்ள சாதாரண பிளக்கில் செருகினால் அமி ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். 60 யூனிட் பேட்டரியை அதே பிளக்கில் நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். சிறிய பேட்டரி வைத்திருப்பவருக்குத் தனிச் சார்ஜிங் கருவியே தேவையில்லை.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, ஹீட்டரும் ஏ.சி.யும். ஐந்தரை யூனிட்டில் 75 கி.மீ. என்றால் கி.மீ.க்கு 73 வாட்-மணி செலவு. நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. சராசரியாக ஊர்ந்து போகும்போது, ஒரு கிலோவாட் இழுக்கும் ஹீட்டரை ஓடவிட்டால் அது மட்டுமே கி.மீ.க்கு 50 வாட்-மணி எடுத்துக்கொள்ளும். 75 கி.மீ. ஓட வேண்டிய வண்டி 45 கி.மீ.யில் நின்றுவிடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் தானாகவே குறைவது இதற்கு மேல். வண்டி எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு நேரம் ஹீட்டர் ஓடுகிறது என்பதால், சிறிய பேட்டரிக்கு நகர நெரிசல் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பகை. அமியில் ஏ.சி. கிடையாது. இதேபோன்ற சிறு மின்வண்டியான ரெனோவின் 'ட்விஸி'யில் ஹீட்டரே கிடையாது. தயாரிப்பாளர்கள் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று இதை எண்ண வேண்டாம், பேட்டரியின் அளவு அதற்கு மேல் இடம் தரவில்லை. ஆகவே விளம்பரத்தில் உள்ள தூரத்தில் பாதியை மட்டும் நம்பித் திட்டமிடுவது நல்லது. அந்தப் பாதியும் போதாது என்றால் அந்த வண்டி உங்களுக்கானது அல்ல.

இனி, எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம்: மோதினால் என்ன ஆகும்? ஐரோப்பியச் சட்டத்தில் இவை கார்களே அல்ல, குவாட்ரிசைக்கிள் எனப்படும் தனி வகை. இலகு வகைக்கு வேக வரம்பு 45 கி.மீ., பேட்டரி நீங்கலாக எடை வரம்பு 425 கிலோ. கனரக வகைக்கு 90 கி.மீ., 450 கிலோ. கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனைகள் இவற்றுக்கு இல்லை, காற்றுப்பையும் கட்டாயமில்லை. யூரோ என்கேப் அமைப்பு 2014-லும் 2016-லும் சில குவாட்ரிசைக்கிள்களை 50 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. முடிவுகள் கவலைக்குரியவை. 2016-ல் சோதிக்கப்பட்ட நம் பஜாஜ் க்யூட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். கட்டமைப்பு மட்டுமே இதற்குக் காரணமல்ல, இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. 560 கிலோ வண்டியும் 1,700 கிலோ காரும் தலா 45 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி பெரிய காரில் இருப்பவர் உணரும் வேக மாற்றம் 22 கி.மீ.தான். சிறியதில் இருப்பவர் உணர்வது 68 கி.மீ. முன்னே போய்க்கொண்டிருந்தவர் நொடிக்கும் குறைந்த நேரத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறார். எந்த இருக்கைப் பட்டையும் எந்தச் சட்டகமும் இந்தக் கணக்கை முழுதாக மாற்றிவிட முடியாது.

இதை மறைத்துவிட்டு மைக்ரோ காரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இதே கணக்கை 30 கி.மீ. வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய வண்டியில் வேக மாற்றம் 45 கி.மீ. ஆகக் குறைகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. பட்டை அணிந்தவர் பிழைத்து எழக்கூடிய எல்லைக்குள் விபத்து வந்துவிடுகிறது. பாரிஸ் நகரம் 2021 ஆகஸ்ட் 30 முதல் பெரும்பாலான தெருக்களில் 30 கி.மீ. வரம்பைக் கொண்டுவந்தது. பிரஸ்ஸல்ஸ் அதே ஆண்டு ஜனவரியிலேயே செய்தது. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், பக்கத்துக்கு ஒரு தடம் கொண்ட நகரச் சாலைகளுக்கெல்லாம் இதே வரம்பை விதித்தது. அமி போன்ற வண்டிகளுக்கு உண்மையான பாதுகாப்பைத் தருவது இந்த நகராட்சி முடிவுகள்தான். ஸ்கூட்டரிலிருந்து இதற்கு மாறுகிறவருக்கு நான்கு சக்கரமும் கூரையும் பட்டையும் கிடைக்கின்றன, அவர் நிலை மேம்படுகிறது. காரிலிருந்து மாறுகிறவர் கவசத்தை இழக்கிறார், சாலை மெதுவாக இருந்தால் மட்டுமே அது ஏற்கத்தக்க இழப்பு. தெருவில் நடப்பவரைப் பொறுத்தவரை வண்டியின் எடையைவிட வேகம்தான் முக்கியம். 45-க்கு மேல் போகவே முடியாத வண்டி அவருக்கும் நல்லது.

பாதுகாப்பைக் கூட்ட எடை வரம்பைத் தளர்த்தலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். தளர்த்தினால் பேட்டரி பெரிதாகும், விலை ஏறும், வண்டி மெல்ல மெல்லச் சாதாரணக் காராகிவிடும். இசெட்டாவை விழுங்கிய பாதை அதுதான். காற்றுப்பையையும் சறுக்கல் தடுப்பு பிரேக்கையும் கட்டாயமாக்குவது வேறு விஷயம். அவற்றின் எடை சில கிலோக்கள்தான், அதற்கு மறுப்பு சொல்ல இடமில்லை.

இந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தையைப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. அமியும், அதே சட்டகத்தில் வேறு உடை போட்ட ஓப்பல் ராக்ஸும் ஃபியட் டோபோலினோவும், 30 முதல் 50 கி.மீ. வரம்புள்ள நகரத் தெருக்களுக்குச் சரியானவை. அமியின் விலை பிரான்ஸில் தொடக்கத்தில் அரசு மானியம் போக 6,000 யூரோ. இடது கதவும் வலது கதவும் ஒரே பாகம். அதனால் ஓட்டுநர் பக்கக் கதவு பின்னோக்கித் திறக்கும், மற்றது வழக்கம்போல் திறக்கும். முன் பம்பரும் பின் பம்பரும்கூட ஒன்றே. அச்சுகளைக் குறைத்து விலையைக் குறைத்த இந்த வடிவமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பிரான்ஸில் 14 வயது நிறைந்தவர்கள் எளிய உரிமத்துடன் இதை ஓட்டலாம். நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை. 2012-ல் வந்து 2023-ல் உற்பத்தி நின்ற ட்விஸி இப்போது பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். ஒருவர் பின் ஒருவராக உட்காரும் அமைப்பு, ஓட்டுநருக்குக் காற்றுப்பை, 80 கி.மீ. வேகம் ஆகியவை அதன் பலம். பக்கவாட்டுக் கண்ணாடி இல்லாததால் மழைக்காலத்தில் துன்பம். அதன் பேட்டரிகள் பெரும்பாலும் மாத வாடகைக்குத் தரப்பட்டவை. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

சுவிஸ் நிறுவனத்தின் 'மைக்ரோலினோ'தான் மூன்றிலும் அழகானது, இசெட்டாவின் முன்கதவோடு இத்தாலியின் தூரின் நகரில் தயாராகிறது. 90 கி.மீ. வேகம், பெரிய பேட்டரியில் 200 கி.மீ.க்கு மேல் தூரம். ஆனால் விலை 15,000 யூரோவைத் தாண்டுகிறது. அந்த விலைக்குப் பக்கத்திலேயே டாசியா ஸ்பிரிங் போன்ற நான்கு இருக்கைச் சிறிய மின்கார் காத்திருக்கிறது. 1959-ல் வாங்குபவர் எதிர்கொண்ட அதே நிலை. வேகமும் தூரமும் வேண்டும் என்று மைக்ரோ காரைத் தேடுகிறவர், மைக்ரோ கார் எதனால் பயனுள்ளதோ அதையே விட்டுவிடுகிறார். நிறுத்த இடம் கிடைக்காத குறுகிய தெருவில் வீடு இருந்தாலன்றி இந்த விலையைப் பரிந்துரைக்க முடியாது.

இதற்குப் பதில் பேருந்திலும் மிதிவண்டியிலும் போகலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல பேருந்து இருக்கிற ஊரில் அதுவே முதல் தேர்வு. ஆனால் முழங்கால் தேய்ந்த முதியவர், குழந்தையை மழையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் தாய், இரவுப் பணி முடிந்து திரும்புகிறவர் என்று சிலருக்குக் கூரையுள்ள ஒரு சொந்த வண்டி தேவைப்படுகிறது. அவர்கள் ஒன்றரை டன் கார் வாங்காமல் அரை டன் வண்டி வாங்கினால், பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் சாலையில் இடம் கூடும்.

இந்தியாவுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. பெங்களூருவில் 2001-ல் வெளிவந்த ரேவா மின்கார், லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் நெரிசல் கட்டண விலக்கோடு ஓடியது. 2007-ல் நடந்த மோதல் சோதனைகளில் அதன் முடிவு மோசமாக இருந்தது. 2018-ல் மத்திய அரசு குவாட்ரிசைக்கிள்களைத் தனிநபர் பயன்பாட்டுக்கும் அனுமதித்தது. ஆனால் அதே ஆண்டு, நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கான உச்ச வரம்பையும் மணிக்கு 70 கி.மீ. என்று வகுத்தது. பேருந்தும் லாரியும் உரசிச் செல்லும் சாலையில், அந்த வேகத்துக்கு நடுவே 45 கி.மீ. வண்டியை ஓட்டச் சொல்ல என்னால் முடியாது. இங்கே இன்று தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்கு, காராகவே பதிவாகும், காற்றுப்பைகளுள்ள, மூன்று மீட்டருக்குள் அடங்கும் எம்.ஜி. காமெட் போன்றவையே பொருத்தம். அதன் பேட்டரி 17.3 யூனிட். அமியைவிட மூன்று மடங்கு, ஆனாலும் பெரிய மின்கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஷோரூமுக்குப் போகும்முன் உங்கள் தினசரி வழியைத் தாளில் எழுதுங்கள். அதில் மிக வேகமான சாலை எது, அதன் வரம்பு எவ்வளவு என்று குறியுங்கள். ஒரே ஒரு கி.மீ.யாவது 50-க்கு மேல் வரம்புள்ள சாலையில் போக வேண்டியிருந்தால் 45 கி.மீ. வண்டியை விட்டுவிடுங்கள். முழு வழியும் 50-க்குள் அடங்கினால் அதைவிடப் பெரிய வண்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.