பத்துக் குஞ்சு வாங்கப் போறீங்களா? முதல் நாலு வாரம்தான் கணக்கே!

பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளோடு டூ-வீலர் வியாபாரி வந்து நின்றால், தெருப்பிள்ளைகள் மொத்தமும் கூடிவிடும். `பெருசானா முட்டை போடும்ல' என்று பெரியவர்களும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். போடாது. அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். பொரிப்பகங்களில் ஒரு நாள் வயதிலேயே பெட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, சேவலை மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

முட்டைக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால், எந்த இனம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் சிறுவிடை ஆண்டுக்கு 50, 60 முட்டைதான் வைக்கும். ஆனால், தானே அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயவும் பழக்கிவிடும். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா, நல்ல தீவனம் கிடைத்தால் 200 முட்டை வரை கொடுக்கும்; அடைக்கு உட்காருவது அபூர்வம். பிரிக்காத குஞ்சுகளாக பத்து வாங்கினால் பாதி சேவலாகத்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முட்டைக்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க மட்டும்தான் தேவை.

குண்டு பல்பு வாங்கியாச்சா?

தாய்க்கோழியின் இறக்கைக்குள் கிடைக்கும் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறைக்கலாம். இன்று எல்லார் வீட்டிலும் எல்.இ.டி பல்புதான். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு, 40 அல்லது 60 வாட்ஸ், தேடி வாங்குங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையே என்று கவலை வேண்டாம், குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், பல்பை இறக்குங்கள். விலகி ஓடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். பரவலாகப் படுத்திருந்தால் சரி. சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது. ராத்திரி கரன்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைக்கலாம்.

அட்டையை வட்டமாக வளைத்துத் தடுப்பு வையுங்கள். சதுரப் பெட்டியென்றால் மூலையில் ஒதுங்கி, நெருக்கியே செத்துவிடும். தரையில் நெல் உமி, அதன்மேல் முதல் சில நாள்களுக்கு நியூஸ் பேப்பர். இல்லாவிட்டால் உமியைத் தீவனம் என்று கொத்தித் தின்னும்.

மருந்தை விடாதீர்கள்

கொல்லைக்கோழி வளர்ப்பைப் பாதியில் கைவிட்டவர்களைக் கேளுங்கள், `எல்லாம் ஒரே வாரத்துல போயிடுச்சு' என்பார்கள். பெரும்பாலும் அது வெள்ளைக்கழிச்சல். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பு மருந்து மட்டுமே வழி. 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, 14-ம் நாள் கம்போரோ, 28-ம் நாள் மறுபடி லசோட்டா, 8-வது வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி.

சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கானது. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சுக்காகத் தனியாக அலைவதைவிட, தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மருந்தை வீட்டுக்கு வாங்கி வருவதென்றால் ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும்.

அஞ்சு மாசம் பொறுக்கணும்

முட்டை என்பது ஐந்து, ஆறு மாதத்துக்கு அப்புறம்தான். மேய்ச்சலே இல்லாமல் அடைத்து வளர்த்தால் அதற்குள் ஒரு கோழி சுமார் 7 கிலோ தீவனம் தின்றிருக்கும். அதனால் மேயும் இடம் இருந்தால்தான் கையைக் கடிக்காது. கரையான் பிடித்துப் போடுவது, கீரைக்கழிவு, கம்பு, சோற்றுப்பருக்கை எல்லாம் செலவைக் குறைக்கும். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் வளரும் பருவத்தில் போட வேண்டாம். அதிலுள்ள அதிகப்படியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முட்டையிட ஆரம்பித்த பிறகு, வறுத்துப் பொடித்த முட்டை ஓடோ கிளிஞ்சல் தூளோ தாராளமாகக் கொடுக்கலாம்.

கூடு ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி. கீரியும் மரநாயும் நுழைய முடியாத கம்பிவலை அவசியம். பகலில் குஞ்சுகளுக்குக் காக்காய்தான் எமன். கொண்டை சிவந்து, பெட்டை மூலை மூலையாக எட்டிப் பார்க்கத் தொடங்கினால், இருட்டான இடத்தில் வைக்கோல் போட்ட கூடை ஒன்றை வைத்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் முட்டையையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் விறகுக்குவியலுக்குப் பின்னால்தான் முட்டையைத் தேட வேண்டியிருக்கும்.