புள்ளிக்கும் ஒரு பெயருண்டு

சிறுமையைச் சொல்ல ஆங்கில பாஷையில் வழங்கிவந்த பழஞ்சொற்களுள் 'டிட்டில்' என்பதும் ஒன்று. 'ஐ', 'ஜே' என்னும் சிற்றெழுத்துக்களின் தலைமேல் இடுகிற புள்ளிக்கு அதுவே பெயர் என்பது, தினந்தோறும் அப்புள்ளியை இட்டு எழுதுகிறவர்களிலேயே பலர் அறியாத விஷயம்.

இதன் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால், புத்தகத்தின் 'டைட்டி'லுக்கும் தாயான 'டிட்டுலுஸ்' என்ற லத்தீன் பதத்தில் போய் நிற்கிறோம். மேலே எழுதப்படும் வாசகம் என்ற பொருளுடைய அப்பதம், பதப்படுத்திய தோலேடுகளில் இடத்தை மிச்சம்பிடிக்கும்பொருட்டு 'எம்', 'என்' போன்ற எழுத்துக்களை விடுத்து, விட்டதற்கு அடையாளமாக மேலே ஒரு சிறு கோடு கீறிய மத்தியகால லேககர்களின் கையில், அந்தக் கோட்டுக்கே நாமமாயிற்று. ஸ்பானிய மொழியில் 'என்' எழுத்தின்மேல் நெளியும் 'டில்டே'யும் இதே வமிசந்தான். அக்காலத்து நெருங்கிய கையெழுத்தில் 'மினிமம்' என்ற லத்தீன் சொல்லை எழுதினால், ஒன்றுபோலவே நிற்கும் 15 செங்குத்துக் கீற்றுகளைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் புலப்படாது. எங்கே ஓர் எழுத்து முடிந்து எங்கே மற்றோர் எழுத்து தொடங்குகிறதென்று வாசிப்பவன் திகைக்காதிருக்க 'ஐ'யின்மேல் இட்ட மெல்லிய கீற்றே, காலக்கிரமத்தில் புள்ளியாய்ச் சுருங்கிற்று. மிகச் சிறியது என்று பொருள்படும் சொல்லுக்கே சிறியதொரு கீற்றின் உபகாரம் வேண்டியிருந்ததை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சொல் ஜனங்களின் நாவில் ஏறியதோ வேதாகமத்தால். நியாயப்பிரமாணத்தில் எள்ளளவும் ஒழிந்துபோகாது என்று இயேசு கூறும் மத்தேயு சுவிசேஷப் பகுதியில், 1526-இல் வில்லியம் டிண்டேல் 'ஜாட்', 'டிட்டில்' இரண்டையும் சேர்த்து வழங்க, 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அந்த ஜோடியை நிலைநிறுத்தியது. 'ஜாட்' என்பது கிரேக்க 'அயோட்டா'. அதன் பின்னே நிற்பது எபிரேயத்தின் மிகச் சிறிய எழுத்தாகிய 'யோத்'. 'டிட்டி'லுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கொம்பு என்று அர்த்தம். எழுத்தின் முனையில் துருத்தும் நுனியையே அது குறிப்பதாக உரைகாரர் பலர் கொள்வர். அந்த நுனி அற்பமானதன்று. எபிரேயத்தில் 'தாலெத்'தையும் 'ரேஷ்'ஷையும் பிரித்துக் காட்டுவது அத்தகைய மூலை ஒன்றே; 'ஒன்று' எனப் பொருள்படும் சொல்லின் ஈற்றில் அம்மூலை தேய்ந்தால் 'வேறு' என்றாகிவிடும். கடவுள் ஒருவரே என்று யூதர்கள் காலையும் மாலையும் ஓதும் உபாகம வசனத்தைத் தோற்சுருளில் எழுதுகையில், அச்சொல்லின் கடைசித் 'தாலெத்'தை லேககர்கள் பெரிதாக வரைவது இந்த அபாயம் நேராதிருக்கவே என்பர்.