நாட்டு மாவை வெட்டுமுன் சற்று எண்ணுங்கள்!

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் கிணற்றடியிலும் வரப்பிலும் கொட்டை முளைத்து வளர்ந்த நாட்டு மாமரங்கள் உண்டு. பழம் சிறிது, நார் அதிகம், சந்தையில் விலை இல்லை என்று இவற்றை விறகுக்கு விற்போர் பலர். இது நஷ்டமான வியாபாரம்.

மாவின் பெருமை

சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மாங்காய் வேண்டும். விசேஷ வீட்டு வாசலுக்கு மாவிலைத் தோரணம் வேண்டும். வடுமாங்காய்க்கு நாட்டு மாவே ஏற்றது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலவிருட்சம் மா. காரைக்காலில் ஆனி மாதம் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது.

மேற்கிந்தியத் தீவுகளிலும் மா ஊர்ப் பழமாகிவிட்டது. 1782-ல் ஆங்கிலேயர் பிடித்த பிரெஞ்சுக் கப்பலில் இருந்த மாங்கன்றுகள் ஜமைக்காவை அடைந்தன. 1853 முதல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர் பலர் கரும்புத் தோட்ட வேலைக்கு மார்த்தினிக் சென்றனர். அப்பகுதியில் 'ஜூலி' என்ற குட்டை ரகத்திற்கு மதிப்பு அதிகம். 'டர்பன்டைன்' என்ற நார் மாவையும் ஒதுக்கிவிடவில்லை. அதன் கொட்டையில் வளர்ந்த கன்றுகளின் மேல் உயர்ந்த ரகங்களை ஒட்டுகின்றனர்.

வெட்டினால் திரும்பாது

நம் ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கருதான் உண்டு. அது மகரந்தக் கலப்பால் உருவானது. ஆகவே கன்று தாய்மரத்தைப் போல் இராது. நல்ல வடுமா மரம் ஒன்றை ஒட்டுக் கட்டாமல் வெட்டினால் அந்த ருசி அத்துடன் போயிற்று. மேலும், நீலம், பெங்களூரா முதலிய ஒட்டுக்கன்றுகளுக்கு வேர்ச்செடி தருவதும் நாட்டு மாங்கொட்டையே.

ஒட்டுக் கட்டும் முறை

ஆனியில் கிடைக்கும் புதுக் கொட்டைகளை உடனே விதைக்க வேண்டும். நாள்பட்டால் முளைப்புத்திறன் குறையும். இலைகள் செம்பு நிறமாக இருக்கும் இளங்கன்றின் நுனியை வெட்டி, தண்டை நடுவில் பிளக்கவும். தாய்மரத்தில் மூன்று நான்கு மாத வயதுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்து, ஒரு வாரம் முன்பே இலைகளை நீக்கி வைக்கவும். அதை ஆப்புபோல் சீவிப் பிளவில் பொருத்தி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டவும். ஈரப்பதமுள்ள ஆடி, ஆவணி ஏற்ற காலம்.

வருமானமும் வேண்டுவோர் மரத்தின் சில கிளைகளை மட்டும் குறைத்து, அதில் வரும் புதுத் தளிர்களில் நீலத்தை ஒட்டலாம். மற்றக் கிளைகள் நாட்டு மாவாகவே இருக்கட்டும்.

நடவு

பத்து மீட்டர் இடைவெளியில், ஒரு மீட்டர் ஆழ, அகலக் குழிகளில் நடவும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலிருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களைக் கிள்ளிவிடவும். காய்ப்புக்கு வரும்வரை நிலக்கடலை, உளுந்து ஊடுபயிராக இடலாம்.

ஊரில் பெயர் பெற்ற மரங்களை உழவர்கள் இந்தக் காய்ப்பிலேயே அடையாளம் கண்டு வைத்தல் நலம். ஒட்டுக் கட்டும் பயிற்சி பற்றித் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்கலாம்.