இயற்கை ஓவியமும் ஊர்க் கண்காட்சியும்

இயற்கையை ஓவியமாக்குதல் என்பது கண்டதனை அவ்வாறே பெயர்த்தெழுதுதல் எனக் கருதுவோர் பலர். இயற்கையோ ஒரு கணமும் மாறாது நிற்பதில்லை. முகில் நகரும், நிழல் நீளும், நீரின் நிறம் வேறாகும். மாறுகின்ற அதனை அசையாத துணியிலே பிடித்து நிறுத்துதலே இயற்கை ஓவியனின் தொழில். இத்தொழிலை ஒருவன் எவ்வாறு கற்கின்றான் என்பதற்குக் குளோட் மோனேயின் (1840–1926) இளமைப்பருவம் தக்க சான்றாகும்.

மோனே பாரிசிற் பிறந்து, பிரான்சின் வடகரையிலுள்ள லெ ஆவர் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே ஊராரைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து பொருளீட்டினார். அச்சித்திரங்கள் வைக்கப்பட்ட கடையிலே யூஜின் பூடன் என்பாரின் கடற்காட்சிகளும் இருந்தன. அவை முதலில் மோனேக்குப் பிடிக்கவில்லை. எனினும் பூடன் அவரை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, வானையும் நீரையும் நேரிற் கண்டு தீட்டப் பழக்கினார். ஓவியர் பலர் வெளியிற் குறிப்பெடுத்து, அறையினுள்ளே ஓவியத்தை முடித்த காலம் அது. மடக்கத்தக்க உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறை 1841இல் வந்தபின், வண்ணங்களை வயல்வெளிக்குக் கொண்டு செல்லுதல் எளிதாயிற்று.

இப்பயிற்சியின் பயனாக அயலிலுள்ள ரூவெல் என்னும் சிற்றூரின் காட்சியை மோனே தீட்டினார். நீரோடையும் மரங்களும் தெளிந்த வானுமே அதன் பொருள். 1858இல் லெ ஆவர் நகரசபைக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 17. தாம் நாளும் கடந்து செல்லும் வெளியை ஊரார் அங்கே புதிதாகக் காணும் வாய்ப்பைப் பெற்றனர். ஊர்க் கண்காட்சியின் சிறப்பு இதுவே: ஓவியம் காட்டும் இடத்தை அறிந்தவர்களே அதன் முதல் நடுவர்கள்.

ஆயினும் மோனே ஓவியம் கற்பதற்கு உதவிப்பணம் வேண்டிய விண்ணப்பத்தை 1859இல் அந்நகரசபை மறுத்தது. சுவரில் இடமளித்த ஊர் பொருளுதவ முன்வரவில்லை. அவர் பாரிசு சென்று தம் வழியிலே பயின்றார். 1872ஆம் ஆண்டைத் தாங்கிய, அதே துறைமுகத்தின் விடியலைக் காட்டும் ஓவியம் 1874இல் பாரிசிற் காட்சிக்கு வந்தது. அதன் பெயரைக் கொண்டு விமரிசகர் ஒருவர் செய்த எள்ளலே பின்னர் ஓர் ஓவிய இயக்கத்தின் பெயராயிற்று. 1891இல் அவர் காட்சிக்கு வைத்த வைக்கோற்போர் ஓவியங்கள் 15. பொருள் ஒன்றே, ஒளி வெவ்வேறு. ரூவெல் ஓடைக்கரையிலே தொடங்கிய பயிற்சியின் முதிர்ச்சி அதுவெனலாம்.

நம் கல்லூரிகளிலும் ஊர்களிலும் நடைபெறும் கலைவிழாக்களில் மாணவர் ஓவியங்களைப் பலரும் மண்டபத்தின் அலங்காரமாகவே பார்த்துச் செல்கின்றனர். பரிசு பெற்றது எது என்று கேட்பதோடு நில்லாது, இவ்வொளி எந்த வேளைக்குரியது, இதனை எங்கு நின்று கண்டாய் என்று மாணவனை வினவுதல் வேண்டும். அவ்வினாவே அவனை மீண்டும் வயலுக்கும் கடற்கரைக்கும் அனுப்பும். ஒரு பூடன் செய்ததும் அதுவன்றோ!