சாம்பிராணி: பெயர் ஒண்ணு, மரம் ரெண்டு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் புகையும் சாம்பிராணி எந்த மரத்துப் பிசின் என்று யோசித்ததுண்டா? நாட்டு மருந்துக் கடைகளில் இந்தப் பெயரில் இரண்டு வேறு பிசின்கள் விற்கின்றன. ஒன்று, சுமத்ரா, லாவோஸ் பக்கம் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தினுடையது. மற்றொன்று பாஸ்வெல்லியா மரத்தினுடையது. இதற்குப் பறங்கிச் சாம்பிராணி, குந்திரிக்கம் என்றும் பெயர். ஓமன், சோமாலியா, எத்தியோப்பியா நாடுகளில் பேர்போனது. இதன் ஓர் இனம் நம் இந்தியக் காடுகளிலும் உண்டு.

"ரெண்டுமே பட்டையைக் கீறினா வடியுது, தணல்ல போட்டா மணக்குது. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். வித்தியாசம் மூலக்கூறில் இருக்கிறது.

ஸ்டைராக்ஸ் பிசினில் அதிகம் இருப்பவை பென்சீன் வளையம் கொண்ட அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும். லாவோஸ் வகையில் பென்சாயிக் அமிலம், சுமத்ரா வகையில் சின்னமிக் அமிலம் மேலோங்கும். கொஞ்சம் வனிலினும் உண்டு. அந்த இனிப்பு வாசனை அதனால்தான்!

பாஸ்வெல்லியாவோ டெர்பீன் குடும்பம். அதன் எண்ணெயில் 10 கார்பன் கொண்ட ஆல்ஃபா பைனீன், ஆல்ஃபா துஜீன் போன்றவை இருக்கின்றன. நெருப்பில் போட்டதும் முதலில் கிளம்புவது இவைதான். கனமான பகுதியில் 30 கார்பன் கொண்ட பாஸ்வெல்லிக் அமிலங்கள். இவற்றில் பென்சீன் வளையமே கிடையாது.

சோதிப்பதும் சுலபம். குந்திரிக்கத்தைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்தால் பால்போலக் கலங்கும். அதில் நீரில் கரையும் கோந்து இருக்கிறது. ஸ்டைராக்ஸ் பிசின் தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டில் கரையும். ஆஸ்பத்திரியில் பார்க்கும் டிங்சர் பென்சாயின் இதுதான்.

இந்தப் பெயர்க் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. அரபு வியாபாரிகள் ஸ்டைராக்ஸ் பிசினை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா குந்திரிக்கம் என்றார்கள். அது ஐரோப்பியர் வாயில் 'பென்சாயின்' ஆனது. 1825-இல் ஃபாரடே கண்டறிந்த திரவத்தை, 1833-இல் மிட்ஷெர்லிஷ் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கித் தயாரித்தார். அதற்கு வைத்த பெயர் 'பென்சின்'. நாம் பாடத்தில் படிக்கும் பென்சீன் அதுவே!

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. மூட்டுவலி மருந்துகளில் சேர்ப்பது பாஸ்வெல்லியா. "சாம்பிராணி நல்லதாம்" என்று ஸ்டைராக்ஸை வாங்கி வந்தால் அதில் பாஸ்வெல்லிக் அமிலம் துளியும் இருக்காது. ஆகவே மருந்துக்கென்று வாங்கும்போது கடைப்பெயரை நம்பாதீர்கள். தாவரப் பெயரைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். படித்த கெமிஸ்ட்ரி இதற்காவது உதவட்டுமே!