தாதியர் கல்வியில் ஆசிரியரின் பண்பு

வைத்தியசாலைக் கட்டிலருகே கற்பித்தல் வகுப்பறையிற் கற்பித்தல் போன்றதன்று. வகுப்பிற் செய்த பிழையைக் கரும்பலகையில் அழித்துவிடலாம். இங்கே பிழை நோயாளியின் உடலிற் படும். ஆதலாற் போலும், கண்டிப்பே தாதிப் பயிற்சியின் உயிர்நிலையெனப் பலர் நெடுங்காலம் எண்ணினர். 1860ஆம் ஆண்டு புளோரன்ஸ் நைற்றிங்கேல் நிதியால் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தொடங்கிய பயிற்சிக் கூடமும் கடும் ஒழுங்குக்குப் பெயர் பெற்றதே.

கண்டிப்பு வேண்டியதுதான், ஆயின் அது அச்சமாக மாறுதல் கூடாது. முதன்முறை இரத்த அழுத்தம் அளக்கும் மாணவியை நோக்குக. கைப்பட்டியின் காற்று இறங்கும்போது ஒலி எவ்விடத்தில் தொடங்கியதென அவள் செவிக்குப் புலப்படவில்லை. அருகே நிற்பவர் சினப்பவராயின், கேளாத ஒலியைக் கேட்டதாகக் கூறி ஓர் எண்ணை எழுதிவிடுவாள். அவ்வெண்ணை நம்பி மருந்தளவும் மாற்றப்படலாம். நல்லாசிரியரோ, "எனக்கும் முதலிற் கேட்கவில்லை" என நகைத்து, இருவர் ஒருங்கே கேட்கத்தக்க இரட்டைச் செவிக்குழாயை அவள் காதில் மாட்டுவார். ஒலி கேட்ட கணத்தில் அம்முகம் மலர்வதைக் காணவேண்டும்!

பிழையைத் தனியே உணர்த்துதல் நன்று. நோயாளிக்கு இடர் நேருமாயின் மட்டும் உடனே தடுத்தல் கடன்.

1984இல் பற்றீசியா பென்னர் எழுதிய நூல், தாதி புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஐந்து படிகளில் வளர்வதாகக் கூறும். முதற்படியில் நிற்பவளிடம் ஐந்தாம் படியின் விரைவை எதிர்பார்ப்பவர், எத்துணைப் புலமையுடையவராயினும், சோர்வையே விளைப்பார். இன்சொல் மட்டும் போதுமென்பதுமில்லை. ஊசி போடத் தமக்கே கை நடுங்குபவரை மாணவியர் மதியார்.

வேலை மிகுந்த விடுதியில் இதற்கெல்லாம் நேரமேது என வினவுவர். பணி முடிந்தபின் பத்து நிமிடம் உடனமர்ந்து, அன்று கண்டதை அவள் வாயாற் கேட்டலே பெரும்பாலும் போதும்.