மாதிரி உடையாமல் மேளாவுக்குப் போய்ச் சேர...

ஐப்பசி பிறந்துவிட்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் பசையும் பெயிண்டும் மணக்கத் தொடங்கிவிடும். பள்ளிகளுக்கு அது சாஸ்திரமேளாக் காலம். பள்ளியில் தேறினால் உபமாவட்டம், அங்கே தேறினால் வருவாய் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம் என்று படிகள் உண்டு. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தனித்தனி உபமாவட்டங்கள். ஒவ்வொரு படிக்கும் மாதிரியை மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வளர்கிற நம் எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள் ஒரு மாதம் கண்விழித்துச் செய்த பொருள், நடுவர் பார்க்குமுன் பஸ்ஸிலேயே நொறுங்கிப்போனால் அந்த ஆண்டு அவ்வளவுதான். "நேற்று ராத்திரி நன்றாக ஓடியது சார்" என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

மாதிரி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதைக் கொண்டுபோவது எப்படி என்று சொல்லித்தருவோர் குறைவு. ஆகவே பெற்றோர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பென்சில் கோடு போடுமுன் ஏறப்போகும் வண்டியின் வாசலை அளந்துவிடுங்கள். அளவு விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டியது அந்த வாசல்தான். செங்கல் மகேசுவரம் கோவிலின் 111.2 அடிச் சிவலிங்கத்தை ஐம்பதில் ஒரு பங்காகச் செய்தால் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். மடியில் வைத்துக்கொண்டே போய்விடலாம். மாத்தூர் தொட்டிப்பாலம் அப்படியல்ல. 1966-இல் கட்டிய அந்தப் பாலம் 115 அடி உயரம். நூறில் ஒரு பங்கு என்றால் 35 சென்டிமீட்டர்தான். ஆனால் தூண்கள் 28 ஆயிற்றே! அத்தனையையும் ஒரே பலகையில் வரிசையாக நிறுத்தினால் எந்த ஆட்டோவிலும் நுழையாது. ஏழேழு தூண்களாக நான்கு துண்டு செய்து, மேளா மேசையில் போல்ட்டும் நட்டும் போட்டு இணைப்பதே வழி. இதை முதல் நாளே திட்டமிட வேண்டும். கடைசி நாளில் ரம்பம் எடுத்தால் பாலமும் போகும், தூக்கமும் போகும்.

அடிப்பலகை மாதிரியைவிட நாலு பக்கமும் இரண்டு விரற்கடையாவது பெரிதாக இருக்கட்டும். தூக்குகிறவர் கை படுவது பலகையில்தான், மாதிரியில் அல்ல. பலகையைப் பெட்டியின் அடித்தட்டோடு திருகாணியால் முடுக்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பெட்டிக்குள் மாதிரி நகர்ந்தால்தான் உடையும். கொடிமரம், ஆன்டெனா, காற்றாடி இறக்கை போன்ற மெல்லிய உறுப்புகள் வண்டி குலுங்கும்போது தாமாகவே அதிர்ந்து அடிப்பாகத்தில் ஒடிந்துவிடும். அவற்றைக் கழற்றி மாட்டும்படி செய்து, தனி டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப்போங்கள். பேட்டரியையும் கழற்றிவிடுவது நல்லது. தண்ணீர் ஓடும் மாதிரி என்றால் தண்ணீரை அங்கே போய் ஊற்றிக்கொள்ளலாம்.

பொதிவதற்குக் கடையில் விலைகொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. குயவர்கள் வைக்கோல் சுற்றிப் பானையை வண்டியேற்றினார்கள். நம் பக்கத்தில் வாழைச்சருகுக்குப் பஞ்சமே இல்லை. இவை செய்வதெல்லாம் ஒன்றுதான். விழுகிற அடியைச் சட்டென்று வாங்காமல், கொஞ்சம் அமுங்கி மெதுவாக வாங்குகின்றன. ஆகவே இறுக்கித் திணித்தால் பயனில்லை. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்து, இடையில் சருகோ பழைய துணியோ நிரப்புவது மிகச் சிறந்தது. பெயிண்டின் மேல் செய்தித்தாளைச் சுற்றாதீர்கள், மை ஒட்டும். காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினால், முழுதும் காயாத பெயிண்டில் குமிழ் குமிழாகத் தழும்பு விழும்.

தெர்மோகோலில் செய்தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வழியில் ஒட்டு விட்டதென்று ரப்பர் பசையைத் தடவினால் தெர்மோகோல் கரைந்து பள்ளமாகிவிடும். வெள்ளைப் பசைதான் அதற்கு ஆகும். அந்த வெள்ளைப் பசைக்கோ மழை ஆகாது. மேளா நடப்பதும் பிற்பகல் இடிமழை பெய்கிற துலாமாதத்தில்! பஸ் ஷட்டரை இறக்குவதற்குள் சாரல் அடித்துவிடும். பெட்டிக்கு மேல் ஒரு பாலிதீன் உறை அவசியம். வெயில் நாளில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. துப்பாக்கியால் உருக்கி ஒட்டும் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும்.

பஸ்ஸில் பின் சீட்டு வேண்டவே வேண்டாம். பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் பகுதிதான் அதிகம் தூக்கிப்போடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, மடியில் வைத்துக்கொள்வது உத்தமம். மனித உடம்பைப்போல் ஸ்பிரிங் வேறில்லை. இதற்குச் சான்று நம் ஊர் வழியாகவே ஆண்டுதோறும் போகிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சரஸ்வதி தேவி யானைமேல் வர, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருகிறார்கள். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோவிலில் தங்கிப் போகும் அந்தப் பயணத்தில், சாலையின் மேடுபள்ளங்களைத் தாங்குவது பல்லக்குத் தூக்குவோரின் தோளும் முழங்காலும்தான். ரயில் வசதிப்படுமானால் பாறசாலையிலிருந்து ரயிலேறுங்கள். குலுக்கல் குறைவு, கூட்டம்தான் கவலை.

கையில் ஒரு சிறிய பையும் இருக்கட்டும். பசை, கத்தரி, இடுக்கி, கொஞ்சம் வயர், அதே நிறப் பெயிண்டில் ஒரு சிமிழ், சின்ன உறுப்புகளில் இரண்டிரண்டு அதிகம். பெட்டியின் எந்தப் பக்கம் மேலே என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதிவிடுங்கள். இறக்கித்தர வருபவர் யாரென்று நமக்குத் தெரியாதே.

மேசையில் வைத்ததும் பெட்டியைத் தூர எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. சருகையும் திருகாணியையும் அதற்குள்ளேயே போட்டு மேசைக்கு அடியில் தள்ளி வையுங்கள். மாலையில் முடிவு சொல்லும்போது பிள்ளையின் பெயர் மாவட்டத்துக்கு வந்துவிட்டால், அதே பெட்டிதான் திரும்பவும் வேண்டும்.